மௌனப் பாடம்: திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு கல்வி மரபின் வரலாறு

மௌனப் பாடம் என்பது தொடக்கநிலைக் குழந்தைகள் சில நிமிடங்கள் உடலை அசைக்காமல் அமர்ந்து, தம் மூச்சையும் சுற்றிலும் எழும் ஒலிகளையும் கவனிக்கப் பழகும் வகுப்பறைப் பயிற்சி. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி (1870–1952) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை வகுத்தார். இன்று பள்ளிகளில் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்று அறிமுகமாகும் மனப்பயிற்சிக்கு முன்னோடியாக இருந்தவற்றுள் இதுவும் ஒன்று.

இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் எல்லைக்குள், 1942க்கும் 1947க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், குழந்தையின் மன அமைதியைக் கல்வியின் பகுதியாகக் கருதிய இரண்டு மரபுகள் வந்து சேர்ந்தன. ஒன்று, மலைமீது கொடைக்கானலில் மாண்டிசோரி நடத்திய பணி. மற்றொன்று, சமவெளியில் சின்னாளபட்டிக்கு அருகே தொடங்கப்பட்ட காந்திகிராமத்தின் ஆதாரக் கல்வி. அப்போது இப்பகுதி முழுவதும் மதுரை மாவட்டத்தில் இருந்தது. திண்டுக்கல் 1985 செப்டம்பர் 15 அன்று தனி மாவட்டமாயிற்று.

சொல்லும் பொருளும்

'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற ஆங்கிலச் சொல் பாலி மொழியின் 'சதி' என்ற பௌத்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாக வழக்கில் வந்தது. தமிழில் இதற்கு ஒரே சொல் இன்னும் நிலைபெறவில்லை. இக்கட்டுரையில் 'மனவிழிப்பு' என்ற சொல் ஆளப்படுகிறது. இக்கணத்தில் உடலிலும் மனத்திலும் சுற்றிலும் நடப்பதை, நல்லது கெட்டது என்று உடனே தீர்ப்பு சொல்லாமல் கவனித்தல் என்பது இதன் பொருள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-சின் 1979இல் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சிக்குப் பிறகே இது சமயச் சார்பற்ற பயிற்சியாக உலகெங்கும் பரவியது. பள்ளிகளுக்கு வந்தது அதற்கும் பின்னர்தான்.

குழந்தைகளிடம் இதன் நோக்கம் எளிமையானது. கோபம் வரும்போது 'எனக்குக் கோபம் வருகிறது' என்று குழந்தை தானே அறிந்தால், கை ஓங்குவதற்கு முன் ஒரு நொடி இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளியைப் பழக்கத்தால் வளர்க்க முடியும் என்பதே இப்பயிற்சியின் அடிப்படைக் கருத்து.

வகுப்பறையில் இருவகை அமைதி

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகள் ஓசை நிறைந்தவை. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியபடியே எழுத்துகளை உரக்கச் சொல்வார்கள். எண்சுவடியைக் கூட்டாக ஒப்பிப்பார்கள். மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், 1789 அளவில் இம்முறையைக் கையாண்டு, பின்னர் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். 'மதராஸ் முறை' என்று அது அங்கே பெயர் பெற்றது.

அப்பள்ளிகளில் நினைவாற்றல் வலுவாக வளர்ந்தது. அமைதியோ பெரும்பாலும் தண்டனைக்கு அஞ்சியே பிறந்தது. பிரம்படியும், கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் கோதண்டமும் அக்காலத் தண்டனைகள். பின்னர் வந்த ஆங்கிலேயர் காலப் பள்ளிகளிலும் 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்ற கட்டளை தொடர்ந்தது. வகுப்பு அடங்கிக் கிடந்தால் ஆசிரியர் திறமையானவர் என்று மதிப்பிடப்பட்டார். குழந்தையின் உள்ளே என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு அங்கே இடம் இருக்கவில்லை.

மௌனப் பாடம் கேட்பது வேறு வகை அமைதி. ஆசிரியர் வகுப்பின் மீது சுமத்தும் அமைதி, அவர் முதுகைத் திருப்பினால் கலைந்துவிடும். குழந்தைகள் தாங்களே விரும்பி ஒன்றுசேர்ந்து உருவாக்கும் அமைதி, ஆசிரியர் அறையை விட்டுப் போன பிறகும் நிற்கும்.

ரோம் நகரில் தொடக்கம்

மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று, ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் 'குழந்தைகள் இல்லம்' என்ற பள்ளியைத் தொடங்கினார். பகல் முழுவதும் வேலைக்குப் போய்விடும் பெற்றோரின் பிள்ளைகளே அங்கே வந்தனர்.

மௌனப் பாடம் தற்செயலாகப் பிறந்தது. ஒருநாள் பள்ளி முற்றத்தில் ஒரு தாயிடமிருந்து நான்கு மாதக் குழந்தையை வாங்கி, மாண்டிசோரி வகுப்புக்குள் எடுத்து வந்தார். துணியில் சுற்றப்பட்டிருந்த அந்தப் பச்சைக்குழந்தை சிறிதும் அசையாமல் இருந்தது. அதைப் போல அசையாமல் இருக்க உங்களால் முடியுமா, அதன் மூச்சு எவ்வளவு மெதுவாக வருகிறது பாருங்கள் என்று பிள்ளைகளிடம் அவர் விளையாட்டாகச் சொன்னார். பிள்ளைகள் காலை அசைக்காமல், மூச்சையும் மெதுவாக்கி முயன்றார்கள். அதுவரை எவர் காதிலும் விழாத கடிகார ஓசை அப்போது கேட்கத் தொடங்கியது.

இதைக் கண்ட அவர், அந்த அனுபவத்தை ஒழுங்கான பயிற்சியாக வகுத்தார். பிள்ளைகள் அமைதியானதும், ஆசிரியர் அடுத்த அறைக்குச் சென்று ஒவ்வொருவரின் பெயரையும் மிக மெல்லிய குரலில் அழைப்பார். தன் பெயரைக் கேட்ட குழந்தை, நாற்காலியும் நகராமல் காலடியும் கேட்காமல் எழுந்து வரும். கடைசிப் பெயர் வரும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது சிறு குழந்தைக்கு எவ்வளவு கடினம் என்பதை வகுப்பறை அறிந்த அனைவரும் அறிவர். தன் ஆசையைத் தானே அடக்கி ஆளும் முதல் அனுபவம் இதில் குழந்தைக்குக் கிடைக்கிறது.

இந்தியாவுக்கு வந்த வழிகள்

குஜராத்தின் பாவ்நகரில் 1920இல் பாலமந்திர் என்ற குழந்தைப் பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேக்கா, மாண்டிசோரி முறையை இந்தியச் சூழலுக்கு ஏற்ப மாற்றியவர்களுள் முதன்மையானவர். அவர் எழுதிய 'திவாஸ்வப்னா' தமிழில் 'பகல் கனவு' என்ற பெயரில் ஆசிரியர்களிடையே பரவலாக வாசிக்கப்படுகிறது. கற்பனைக் கதையாக அமைந்த அந்நூலில், புதிய ஆசிரியர் ஒருவர் முதல் நாளே நான்காம் வகுப்பில் மௌன விளையாட்டை நடத்திப் பார்க்கிறார். பிள்ளைகள் கூச்சலிட்டுச் சிரிக்க, முயற்சி தோற்றுப்போகிறது. அவர் மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். கதையின் வழியாகவே பிள்ளைகள் அவரிடம் நெருங்குகிறார்கள். நம்பிக்கை பிறப்பதற்கு முன் மௌனத்தைக் கேட்கக் கூடாது என்பது இதன் மூலம் கிடைக்கும் பாடம்.

இரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதன் பள்ளியில், காலையும் மாலையும் பதினைந்து நிமிடம் மாணவர்கள் தனித்தனியே அமைதியாக அமரும் வழக்கம் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு சிறுவன் இறைவனை நினைக்காமல் மரத்தில் ஓடும் அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் தாகூர் அதைக் குறையாகக் கொள்ளவில்லை. தன்னைத் தான் கட்டுப்படுத்தி அமர்ந்திருப்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்றாவது வழி காந்தியடிகளுடையது. இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் சென்றிருந்த அவர், 1931 அக்டோபர் 28 அன்று அங்கிருந்த மாண்டிசோரி பயிற்சிக் கல்லூரியில் உரையாற்றினார். மாண்டிசோரியும் உடன் இருந்தார். ஆசிரியை மெல்லக் கூப்பிட, பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக ஓசையின்றி எழுந்து வந்த மௌனப் பாடத்தை அவர் நேரில் கண்டார். அதைப் பார்த்து மகிழ்ந்ததையும், அதே வேளையில் அரைப்பட்டினி கிடக்கும் இந்திய கிராமக் குழந்தைகளிடம் தம் மனம் சென்றதையும் அவர் அந்த உரையிலேயே குறிப்பிட்டார். திங்கட்கிழமைகளில் மௌன விரதம் காத்துவந்தவர் அவர். குழந்தையின் மௌனம் அவருக்கு அயலான கருத்தாக இருந்திருக்காது. இதைச் செலவில்லாமல் ஏழைக் குழந்தைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்பதே அவர்முன் நின்ற கேள்வி.

கொடைக்கானலில் மாண்டிசோரி

பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில், மாண்டிசோரி தம் மகன் மரியோவுடன் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். சில மாதப் பயிற்சி வகுப்புகளுக்காகவே வந்தவரை உலகப்போர் இங்கேயே நிறுத்திவிட்டது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பகை நாட்டவர் என்ற முறையில் மரியோ காவலில் வைக்கப்பட்டார். மாண்டிசோரியின் எழுபதாவது பிறந்தநாளான ஆகஸ்ட் 31ஐ ஒட்டி அவர் விடுவிக்கப்பட்டார்.

1942 முதல் 1944 வரை தாயும் மகனும் கொடைக்கானலில் வாழ்ந்தனர். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன உடன் பணியாற்ற, பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகக் கற்ற சிறு பள்ளி அங்கே நடந்தது. ஏரியும் சோலையும் பாறையும் பூச்சிகளுமே பாடப்பொருள்களாயின. ஒரு செடியின் முன் அமர்ந்து அதன் இலையை நெடுநேரம் பார்க்கும் குழந்தைக்குக் கவனம் தானாகக் கூடுகிறது என்ற மாண்டிசோரியின் எண்ணம் இங்கே விரிவடைந்தது. உலகின் ஒவ்வொரு உயிரும் பொருளும் மற்றவற்றோடு தொடர்புடையது என்று ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு உணர்த்தும் 'பிரபஞ்சக் கல்வி' என்ற அவருடைய பிற்காலக் கோட்பாடு, பெரும்பகுதி கொடைக்கானல் ஆண்டுகளில் உருவானது. இது குறித்த அவருடைய நூல் 1948இல் அடையாற்றிலிருந்து வெளிவந்தது.

ஆயினும் மலைநகரின் அந்தக் கல்வி எளியோருக்கு எட்டவில்லை. மாண்டிசோரி கருவிகளுக்குச் செலவு அதிகம். பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் குறைவு. அதனால் தமிழகத்தில் இம்முறை நகரங்களின் கட்டணப் பள்ளிகளிலேயே நெடுங்காலம் தங்கிவிட்டது. மௌனப் பாடத்துக்கோ எந்தக் கருவியும் தேவையில்லை. அப்படியிருந்தும், மற்றக் கருவிகளோடு சேர்த்து அதுவும் ஒதுக்கப்பட்டது.

சமவெளியில் காந்திகிராமம்

கொடைக்கானலுக்குச் செல்வோர் இறங்கும் கொடைக்கானல் ரோடு ரயில் நிலையம் அம்மையநாயக்கனூரில் உள்ளது. அங்கிருந்து திண்டுக்கல் செல்லும் பாதையில் வரும் நிலையம் அம்பாத்துரை. அதற்கு அருகே, சிறுமலை அடிவாரத்தில், 1947 அக்டோபர் 7 அன்று காந்திகிராமம் தொடங்கப்பட்டது. நிறுவியவர்கள் டாக்டர் சௌந்தரம், அவர் கணவர் ஜி. ராமச்சந்திரன் ஆகிய இருவர்.

சௌந்தரம் தொழிலதிபர் டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். மருத்துவம் படித்தவர். கஸ்தூரிபா காந்தி நினைவு அறக்கட்டளையின் பணியில் ஈடுபட்டவர். 1962இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். கேரளத்தவரான ராமச்சந்திரன் சாந்திநிகேதனில் தாகூரிடம் பயின்று, பின் சபர்மதி ஆசிரமத்துக்கு வந்தவர். சாந்திநிகேதனின் அமைதி வேளையையும் காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டத்தையும் நேரில் அறிந்த ஒருவர் திண்டுக்கல் சமவெளியில் பள்ளி நடத்த வந்தார் என்பது இவ்வரலாற்றில் முக்கியமானது.

காந்திகிராமம் ஏற்றுக்கொண்டது ஆதாரக் கல்வி முறை. 1937 அக்டோபரில் வார்தாவில் நடந்த மாநாட்டில் உருவான இத்திட்டம், கைத்தொழில் வழியாக எல்லாப் பாடங்களையும் கற்பிப்பது. அதைச் செயல்படுத்திய இந்துஸ்தானி தாலீமி சங்கத்தின் செயலாளர் இ. டபிள்யூ. ஆரியநாயகம் யாழ்ப்பாணத் தமிழர். அவரும் சாந்திநிகேதனில் பணியாற்றியவர். முதலில் ஏழு முதல் பதினான்கு வயது வரை என்று வகுக்கப்பட்ட இக்கல்வி, 1945இல் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 'முன் ஆதாரக் கல்வி'யாக விரிவாக்கப்பட்டது.

ஆதாரக் கல்வியில் மன அமைதிக்கெனத் தனிப் பாடவேளை இல்லை. அன்றாட வேலைகளுக்குள்ளேயே அது அடங்கியிருந்தது. நூல் நூற்கும்போது கவனம் சிதறினால் இழை அறுந்துவிடும். மீண்டும் பொறுமையாக ஒட்டவேண்டும். பிழையைச் சுட்ட ஆசிரியர் தேவையில்லை, நூலே சுட்டிவிடும். மாண்டிசோரி தம் கருவிகளில் வைத்த 'பிழையைத் தானே திருத்தல்' என்ற தத்துவம் தக்ளியில் இயல்பாகவே இருக்கிறது. நெசவு வீடுகள் நிறைந்த சின்னாளபட்டிப் பகுதிப் பிள்ளைகளுக்கு இழையும் தறியும் பழகிய பொருள்கள். வகுப்பைப் பெருக்குதல், தோட்ட வேலை, சேர்ந்து உண்ணுதல், சர்வசமயப் பிரார்த்தனை ஆகியவையும் கல்வியின் பகுதிகளாயின.

பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக காந்திகிராமத்தில் நடத்தப்படும் சௌபாக்ய இல்லமும், இளைஞரிடையே சண்டையைத் தணிக்கும் பயிற்சியாக ராமச்சந்திரன் வளர்த்த சாந்தி சேனையும் இதே நோக்கத்தின் வேறு வடிவங்கள். 1956இல் தொடங்கிய காந்திகிராம கிராமிய நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

பொதுப் பள்ளிகளில் ஆதாரக் கல்வி நிலைக்கவில்லை. தேர்வும் மதிப்பெண்ணும் முன்னுக்கு வந்தன. கைத்தொழில் படிக்கும் பிள்ளைக்கு அரசு வேலை கிடைக்காது என்று பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சத்தில் நியாயமும் இருந்தது. தலைமுறைகளாகக் கைத்தொழிலிலேயே கட்டுண்டிருந்த குடும்பங்கள், தம் பிள்ளைகளுக்கு அதிலிருந்து விடுதலை தரும் கல்வியைத்தான் விரும்பின. தக்ளி போனபோது, அதோடு சேர்ந்திருந்த அமைதிப் பழக்கமும் போயிற்று.

பசியும் கவனமும்

காந்தியடிகள் 1931இல் நினைவுகூர்ந்த அரைப்பட்டினி இவ்வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடையது. வெறும் வயிற்றோடு கண்ணை மூடி அமரும் குழந்தைக்குத் தெரிவது பசி மட்டுமே. காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஆகியவை குழந்தையின் கவனத்துக்கும் அடித்தளம் இட்டவை. காலை உணவு ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு, அதாவது மௌனப் பாடத்துக்கு ஏற்ற வயதினருக்கே வழங்கப்படுகிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009, பள்ளிகளில் உடல்தண்டனையையும் மனத்துன்பம் தருவதையும் தடை செய்தது. வயிறு நிறைவதும் அச்சம் நீங்குவதும் இப்பயிற்சிக்கு முன்நிபந்தனைகள்.

செய்முறை

முப்பது பிள்ளைகள் உள்ள சாதாரண வகுப்பில் இப்பாடத்தைப் பின்வருமாறு நடத்தலாம்.

காலை இறைவணக்கக் கூட்டத்துக்குப் பிறகோ, விளையாட்டு முடிந்து திரும்பும்போதோ நேரம் ஒதுக்க வேண்டும். பிள்ளைகள் பாயிலோ பலகையிலோ வசதியாக அமரட்டும். கண்ணை மூடுவது அவரவர் விருப்பம். சில குழந்தைகளுக்கு இருட்டு அச்சம் தரும். அவர்கள் தரையில் ஒரு புள்ளியைப் பார்க்கலாம்.

ஆசிரியர் மணியை ஒருமுறை அடிக்கிறார். ஓசை முழுவதும் அடங்கும் வரை கேட்டு, அடங்கியதும் கையை உயர்த்துமாறு சொல்கிறார். பின் ஒரு நிமிடம் காதில் விழும் ஒலிகளை மனத்தில் எண்ணச் சொல்கிறார். காக்கையின் குரல், பேருந்தின் ஒலிப்பான், சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் உருளும் ஓசை, பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு என்று பிள்ளைகள் பட்டியலிடுவார்கள். அடுத்து, வயிற்றில் கையை வைத்து மூச்சு ஏறி இறங்குவதை ஐந்துமுறை கவனிப்பது. கடைசியாகப் பெயர்களை மெல்ல அழைத்து முடிப்பது.

முதல் வாரத்தில் ஒரு நிமிடம் போதும். சிரிக்கும் பிள்ளையைக் கண்டிக்கக் கூடாது. மௌனத்தைத் தண்டனையாகப் பயன்படுத்தினால் பாடம் அன்றோடு கெட்டுவிடும். வீட்டில் சாவு, சண்டை, பிரிவு ஆகியவற்றைக் கண்ட குழந்தை அமைதியில் அழத் தொடங்கலாம். அப்போது பயிற்சியைத் தொடராமல் அக்குழந்தையோடு இருப்பதே ஆசிரியரின் வேலை. தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும்.

மௌனத்துக்குச் சமய அடையாளம் இல்லை. கோட்டை மாரியம்மன் கோயிலுக்கும் பேகம்பூர் பள்ளிவாசலுக்கும் புனித வளனார் தேவாலயத்துக்கும் போகும் வீட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமரும் திண்டுக்கல் போன்ற நகரில், யாருடைய வழிபாட்டையும் சாராத பயிற்சியாக இதை வைத்துக்கொள்ளுதல் அவசியம்.

இன்றைய திட்டங்களும் ஆய்வுகளும்

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' தொடங்கப்பட்டது. மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, மனவிழிப்புப் பயிற்சி, கதை, செயல்பாடு ஆகியவை தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாத தனிப் பாடவேளையாக அமைந்தன.

தமிழகத்தில் 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும் பின்னர் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றல், ஆந்திரத்தின் ரிஷிவேலி கல்வி மையத்தின் அட்டை முறையைப் பின்பற்றியது. ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையில் வளர்ந்த ரிஷிவேலி பள்ளியில், மாலையில் மாணவர்கள் சூரியன் மறைவதைப் பார்த்தபடி அமைதியாக அமரும் வழக்கம் உண்டு. அங்கிருந்து அட்டைகளும் ஏணிப்படிகளும் நம் வகுப்பறைகளுக்கு வந்தன. அந்த மாலை அமைதி வரவில்லை.

ஆய்வு முடிவுகள் ஒருமுகமாக இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் 68 மழலையரிடம் பன்னிரண்டு வாரம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற குழந்தைகளிடம் பிறரோடு பழகும் திறன் கூடியது. இது சிறிய ஆய்வு. மாறாக, பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட, சுமார் 11 முதல் 14 வயது வரையிலான மாணவர்களிடம் நடந்து 2022இல் வெளியான பெரிய ஆய்வில், மனவிழிப்புப் பாடம் வழக்கமான வகுப்புகளைவிடக் கூடுதல் பயன் தரவில்லை. பெரும்பாலான மாணவர்கள் அப்பயிற்சியை வகுப்புக்கு வெளியே செய்யவே இல்லை என்பதும் அதில் தெரியவந்தது. வளரிளம் பருவத்தினரிடம் கட்டாயப் பாடமாகத் தருவதும், சிறு குழந்தைகளிடம் விளையாட்டாகத் தருவதும் ஒன்றல்ல. எனினும், இப்பயிற்சியை எல்லா நோய்க்கும் மருந்தாகக் கருதுவோர்க்கு அந்த ஆய்வு தக்க எச்சரிக்கை.

மதிப்பீடு

மாண்டிசோரியின் பள்ளியில் மௌனம் ஒரு விளையாட்டு. சாந்திநிகேதனில் அது மரத்தடி. காந்திகிராமத்தில் அது கைவேலை. மூன்றிலும் குழந்தைக்குக் கட்டளை இல்லை, மதிப்பெண் இல்லை. இவ்விடங்களில் எதிலும் மௌனம் தனியே நிற்கவில்லை. அன்பான ஆசிரியர், கைக்கு வேலை, சேர்ந்து வாழும் பழக்கம் ஆகியவற்றின் நடுவே இருந்தது. அவற்றை விட்டுவிட்டு மௌனத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கால அட்டவணையில் ஒரு கட்டமாகச் சேர்த்தால், பழைய 'வாயைப் பொத்து' புதிய பெயரில் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம்.

இப்பாடத்துக்குக் கட்டடமோ கருவியோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. தேவைப்படுவது நாளுக்கு ஐந்து நிமிடமும், பாடப்பகுதியை முடிக்கும் அவசரத்தை அந்த ஐந்து நிமிடம் ஒதுக்கிவைக்கும் ஆசிரியரும். தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் இதற்கு இடம் கொடுத்தால், கொடைக்கானல் மலையோடு நின்றுபோன ஒரு பாடம் சமவெளியின் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து சேரும்.